கவாலாவிலிருந்து பதினான்கு புள்ளிகள்

சாச்சக்,
7 செப்டம்பர் 1997

அன்புள்ள வுலே,

நானும் ரஸ்த்கோவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன், எண்ணாமல் வேறென்ன செய்வது. உன் மகனுக்கு மூன்றாவது பல் முளைக்கிறது. கண்டதையெல்லாம் கடிக்கிறான், உன் பழைய காலணியின் நாடாவைக்கூட.

ஊர் முழுக்கச் சுட்ட குடைமிளகாய் வாசனை. நானும் முப்பது கிலோ சுட்டு உரித்து அஜ்வார் கிளறினேன். மூன்று போத்தல்களைத் தெசலோனிக்கி பேருந்து ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்துவிடுகிறேன். நிலையத்தில் போய் வாங்கிக்கொள். ஒன்றை ஒளித்து வை, இல்லையென்றால் உன் அணிக்காரர்கள் ஒரே நாளில் வழித்து நக்கிவிடுவார்கள்.

திராகிஷா மாமா வந்துபோனார். உன் பழைய பயிற்சியாளர் இப்போது நம் கூடைப்பந்துக் கழகத்துக்கே செயலாளர், அதனால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வருகிறார். ஒரு கிண்ணம் ரக்கியா சாராயம் குடித்தார், குழந்தையைத் தூக்கிப் பார்த்து உள்ளங்கை பெரிதாக இருக்கிறது என்றார். இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் தேடுகிறார்களாம். உனக்கென்ன அதைப் பற்றி, நீ ஆடுகிறவன். பயிற்சியாளர் விசிலைக் கொடுக்க வருகிறவன் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வருகிறவன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. தகுந்த பதில் சொல்லி அனுப்பினேன்.

எத்தனை நிமிடம் ஆடவிடுகிறார்கள், எத்தனை புள்ளி என்று எழுது. கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு முத்தம், ஒன்று பல் முளைத்த வாயிலிருந்து.

உன் பில்யா


கவாலா,
21 செப்டம்பர் 1997

அன்பு பில்யா,

நான் நலம். கடல் காற்று உடம்புக்கு ஒத்துப்போகிறது. உங்கள் இருவரின் நலத்தைப் பற்றிப் படித்தபோது நானும் எதையாவது கடிக்க வேண்டும்போல இருந்தது.

அஜ்வார் வந்து சேர்ந்தது. ஒளித்து வைத்த போத்தலையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் ரொட்டியை உள்ளே விட்டுத் துடைத்தவன் இரண்டு மீட்டர் உயரம், அவனிடம் யார் சண்டை போடுவது.

பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. தயார்செய்கிறார்கள். அரங்கம் சிறியது, கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் வாளியைச் சுற்றி ஓடப் பழகிவிட்டார்கள். இந்த வாரம் அறையில் நிறைய நேரம் கிடைத்ததால் உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

இளையோர் அணிக்கு யாரைப் போட்டார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

குழந்தையின் உள்ளங்கையை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. குளிர் வரும் முன் ஜன்னலை அடைத்துவிடு.

உன் வுலே


சாச்சக்,
12 அக்டோபர் 1997

அன்புள்ள வுலே,

சுகம் என்று எழுதியிருந்தாய், சரி. நாங்களும் சுகம், சளியைத் தவிர்த்து. உள்ளங்கையை வரைந்து வைத்திருக்கிறேன். பாதியில் தாளைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான், ஓரத்து ஈரம் அதனால்தான்.

உன் முதல் ஆட்டம் போன சனிக்கிழமை முடிந்திருக்க வேண்டும். நம் பத்திரிகைகள் கிரேக்க இரண்டாம் பிரிவைப் போடுவதில்லை. ரொட்டிக்கடையில் ஐந்து பேர் காத்திருக்கும்போது கடைக்காரர் என்னைப் பார்த்து, உன் முழுப்பெயரைச் சொல்லி, "வுகாஷின் எத்தனை போட்டான்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. பதினான்கு என்றேன். ஏன் பதினான்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது. "இன்னும் கை இருக்கு அவனுக்கு" என்று ஒரு ரொட்டியைச் சும்மா கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அது சூடாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது, எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கல்லூரியில் நான்கு வருடம் நிலவியல் படித்தவள், இல்லாத எண்ணைச் சொல்லி ரொட்டி வாங்குகிறேன்.

இளையோர் அணிக்கு யார் என்று தெரியவில்லை. நான் விசாரிக்கவில்லை.

ரஸ்த்கோ நாற்காலியைப் பிடித்து நிற்கிறான். அவன் கண் தெரிந்து, அறிவு தெரிந்து, நீ ஆடுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இன்னும் நான்கு வருடம் போதும்.

பதில் போடு, சீக்கிரம் போடு. வயிறாரச் சாப்பிடு.

பில்யா


கவாலா,
2 நவம்பர் 1997

அன்பு பில்யா,

எனக்கு ஒரு குறையும் இல்லை. ரஸ்த்கோவின் சளி விட்டதா? கை வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்று ஆட்டம் முடிந்தது, இரண்டில் வென்றோம். முதல் ஆட்டத்தில் பதினான்கு புள்ளி, நீ ரொட்டிக்கடையில் சொன்னதேதான்.

நின்று பார்த்தால் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் தெரிகிறார்கள். யார் ஓடப் போகிறார், யார் ஓடாமல் யோசிக்கிறார், யாருக்குப் பயம் என்பது பந்து போவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. இடதுபக்க மூலையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அங்கே ஒரு ஆளை நிறுத்தினால் ஆட்டமே மாறுகிறது. இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஹரிக்லியாவுக்குக் கணுக்கால் சுளுக்கு. செவ்வாய்க்கிழமை முழுக்க அழுதாள். பனிக்கட்டி வைத்துக் கட்டினேன். இப்போது பரவாயில்லை.

மழை. ஜன்னலை அடைத்தாயா?

உன் வுலே


சாச்சக்,
16 நவம்பர் 1997

வுலே,

நாங்கள் நலம். நீயும் நலம் என்பதை உன் கடிதத்தில் படித்தேன். மற்ற வரிகளை நான்கு முறை படித்தேன்.

ஹரிக்லியா யார்?

இரண்டாவது கேள்வி. நீ இதுவரை எழுதிய ஆட்டங்களில் பந்து எப்போதும் உன் கையில் இருக்கும். அவன் இடித்தான், நான் திரும்பினேன், போட்டேன் என்று எழுதுவாய், அது எனக்குச் சலித்துக்கூடப் போகும். இந்தக் கடிதத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள், நீ மட்டும் காணோம். ஆனால் பதினான்கு புள்ளி. நின்று பார்த்தால் என்று எழுதியிருக்கிறாய். நீ எப்போது நின்றாய்? பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாயா? அது இல்லையென்றால் ஆட்டத்தைப் பற்றியே நினைக்காமல் வேறெங்கோ மனதை வைத்துக்கொண்டு எழுதினாயா? கணுக்காலை நினைத்துக்கொண்டா?

ஒரே கடிதத்தில் இப்படிக் கேட்பது அசிங்கம்தான். அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், தாள் வீணாகும்.

ஊர்ச் செய்தி: இளையோர் அணியைத் தீஹொமிருக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் திருமணத்துக்குச் சாட்சி நின்றவன், மகனுக்கு ஞானத்தகப்பன், அதனால் முதலில் நம் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று கேக்கோடு வந்தான். உட்காரவே இல்லை. "வுலே என்ன நெனைப்பானோ" என்று இரண்டு முறை கேட்டான். அவன் ஆடுகிறவன், என்ன நினைக்கப் போகிறான் என்றேன்.

டிசம்பர் பத்தொன்பது நம் ஸ்லாவா. நம் வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் நாளுக்கு வீட்டுத் தலைவன் இல்லாமல் ரொட்டியை யார் வெட்டுவது? இரண்டு நாளாவது வா.

குளிருக்குக் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்.

பிலியானா


கவாலா,
1 டிசம்பர் 1997

அன்பு பில்யா,

நான் நலமே, நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். காலுறை சரியாக இருக்கிறது.

வர முடியாது. இருபதாம் தேதி ஆட்டம். ஹரிக்லியா கழகத்து அலுவலகத்தில் வேலை செய்யும் அம்மாளின் மகள், பதினாறு வயது. வேறொன்றும் இல்லை.

தீஹொமிரிடம் சொல், மனதார வாழ்த்துகிறேன் என்று. பொறுமைசாலி, பிள்ளைகளுக்கு அவன்தான் சரி. நீ செய்தது சரிதான் பில்யா, அதை நினைத்து ஒருபோதும் வருத்தப்படாதே.

நாளன்று மெழுகுவர்த்தியை எனக்காகவும் ஏற்று. ரஸ்த்கோவுக்கு முத்தம்.

வுலே


சாச்சக்,
21 டிசம்பர் 1997

வுலே,

எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ செய்தது சரிதான் என்று எழுதியிருந்தாயே, நான் என்ன செய்தேன் என்று இரண்டு வாரம் யோசித்தேன். நேற்று முன்தினம் தெரிந்தது.

நீ வராததால் ஸ்லாவாவைச் சிறிதாக முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ரொட்டி, ஒரு தட்டு வேகவைத்த கோதுமை, அவ்வளவு. ஆனால் அழைத்து வருகிற நாளா அது? அழைக்காதவர்களை வராதே என்று சொல்ல வழியே இல்லை. காலை ஏழு மணிக்குக் குருவானவர் வந்தார். வீட்டுத் தலைவன் எங்கே என்றார். இதோ என்று ரஸ்த்கோவை நீட்டினேன். அவன் பிஞ்சுக் கையைப் பிடித்து ரொட்டியைச் சுற்றினோம், அவர் வெட்டி ஒயின் ஊற்றினார், உன் மகன் விரலை ஒயினில் நனைத்துச் சப்பிவிட்டு இன்னும் வேண்டும் என்று அழுதான். மத்தியானத்துக்குள் பதினோரு பேர். உபவாச நாள் என்பதால் கெண்டை மீனும் சுட்ட பீன்ஸும்தான். போதவில்லை, மேல்வீட்டுக்காரி ஒரு சட்டி கொண்டுவந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் கோதுமையும் கரண்டியும் நீட்டி, கிண்ணம் நிரப்பி, ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது என்பதால் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன்.

திராகிஷா மாமா மேசையின் மூலையில். எதிரே தீஹொமிர். மாமா அன்று அதிகம் குடிக்கவில்லை, அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"பில்யா, ஒரு வார்த்தை. செப்டம்பர்ல நீ என்னை அப்படிச் சொல்லி அனுப்பினதுல எனக்குக் கோபம் இல்ல. ஆனா வுலே அக்டோபர்ல எனக்குக் கடுதாசி போட்டிருந்தான், இளையோர் அணி இன்னும் காலியா இருக்கான்னு கேட்டு."

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நீ சொன்னதை எழுதினேன். இன்னும் நாலு வருஷம் ஆடுவான், விசிலத் தூக்கிட்டு இந்தப் படி ஏறாதீங்கன்னு உன் பெண்டாட்டி சொல்லிட்டாப்பான்னு."

"அதுக்கு வுலே?"

"ரெண்டே வரி. அவ சொல்லிட்டான்னா அதுதான் சரி மாமா, வேற ஆளப் பாருங்கன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன் வுலே. கையில் மீன் தட்டோடு, விருந்தாளிகள் நடுவில், காலியாகக் கிடந்த உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தீஹொமிர் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றான். எனக்கு இது தெரியாது என்றான். நாளைக்கே விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான்.

"ஞானப்பிள்ளையோட அப்பன் வாய்ச்சோத்தப் பிடுங்கித் தின்னவன்னு பேர் எடுக்கணுமா நான்?"

"உட்காருடா," என்றார் மாமா. "பசங்க என்ன பந்தா, கைக்குக் கை மாத்தி விட?"

அவன் உட்காரவில்லை. உன் பதில் வரும்வரை காத்திருக்கிறான். அவனிடம் என்ன சொல்ல?

உன்னிடம் என்ன கேட்க என்பதும் தெரியவில்லை. உன் பெருமையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் நான் அவரை விரட்டினேன். உனக்கு ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனால் நீ ஏன் கேட்டாய்? ஆடுகிறவன் ஏன் கேட்டான்? கேட்டது அக்டோபரில், பதினான்கு புள்ளி என்று எழுதியது நவம்பரில். இரண்டில் எது நீ?

உடம்புக்கு ஏதாவதா? எழுது. பொய்யாக மட்டும் எழுதாதே.

பில்யா


சாச்சக்,
18 ஜனவரி 1998

வுலே,

கிறிஸ்து பிறப்பும் போனது, புது வருடமும் போனது. நாங்கள் நலம். நீ எப்படி என்று தெரியாது.

விடுமுறையில் தெசலோனிக்கி பேருந்து ஓடவில்லை என்கிறார்கள். அதனால்தான் பதில் இல்லை என்று காலையில் நம்புகிறேன். மத்தியானத்துக்குள் அந்த நம்பிக்கை போய்விடுகிறது. தீஹொமிர் வாரம் இருமுறை வந்து கதவருகில் நின்று ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறான். குழந்தை ஐந்து அடி நடந்தான். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தீஹொமிரிடம் சொன்னேன்.

பிலியானா


கவாலா,
11 ஜனவரி 1998

பில்யா,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். இந்தக் கடிதம் பேருந்து ஓடத் தொடங்கும்வரை ஓட்டுநரின் பெட்டியில்தான் கிடக்கும்.

செப்டம்பர் பதினான்காம் தேதி, நட்பு ஆட்டம். நான் களத்தில் இருந்தது பதினொரு நிமிடம். பந்தோடு திரும்பினேன், முழங்கால் திரும்பவில்லை. சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. உனக்கு எழுதிய முதல் கடிதம் மருத்துவமனைப் படுக்கையில் எழுதியது. கடல் காற்று ஜன்னல் வழியாக வந்தது உண்மை. அதற்குப் பிறகு நான் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, இனியும் ஆட மாட்டேன். மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அன்றைக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். வெறுங்கையோடு எப்படி வருவது என்றுதான் மாமாவுக்கு எழுதினேன். அவர் பதில் வந்தது. அதில் நீ சொன்னது இருந்தது. நான் அதைத் தப்பாகப் படித்தேனோ என்னவோ. நீ ஒரு ஆட்டக்காரனைத்தான் கல்யாணம் செய்தாய், பயிற்சியாளனை அல்ல என்று படித்தேன். விசில், சவப்பெட்டி என்று வாய்க்கொழுப்பாகப் பேசியது நான்தான், அதை நீ வேதம்போல மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. அதற்குப் பிறகு உன் கடிதம் வந்தது, ரொட்டிக்கடையும் பதினான்கும். உன்னைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லை. அதே எண்ணை எழுதிவிட்டேன்.

அவர்கள் ஒப்பந்தத்தைக் கிழிக்காமல் இருக்க எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. கழகத்தின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் இல்லை, இருந்தவர் பிரசவத்துக்குப் போய்விட்டார். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஊன்றுகோலோடு போய் நின்றேன். எனக்குத் தெரிந்த கிரேக்கம் நான்கு வார்த்தை: ஓடு, நில், இல்லை, மறுபடியும். ஹரிக்லியா நடு ஆட்டக்காரி, ஒரு மீட்டர் எண்பத்தெட்டு, யாராவது இடித்தால் அழுவாள், அழுதுகொண்டே பந்தைப் போட்டுவிடுவாள். நான் எழுதிய வெற்றிகள் அவர்களுடையவை.

இதை ஏன் மறைத்தேன்? சாச்சக்கில் காபிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வுகாஷின் பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்குகிறான் என்பார்கள். நீ அதைக் கேட்டுக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். ஆனால் அது மட்டும் காரணமா என்றும் தெரியவில்லை. எழுதிவிட்டால் உண்மையாகிவிடும் என்று இருந்தது.

தீஹொமிர் விசிலை யாரிடமும் கொடுக்கக் கூடாது. என் மகனுக்கு ஞானத்தகப்பன் ஆனவனின் கையிலிருந்து நான் ஒன்றையும் வாங்க மாட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு மார்ச் மாதம் இறுதி ஆட்டம்வரை வாய்ப்பிருக்கிறது, அதுவரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்லாவா அன்று நீ உட்கார்ந்ததற்கு என்னை மன்னித்துவிடு. அன்று நிற்க வேண்டியவன் நான்.

வுலே


சாச்சக்,
15 பிப்ரவரி 1998

வுலே,

சுகம். உன் கால் எப்படி? வீங்குகிறதா? மழை நாளில்? படி ஏற முடிகிறதா? ஐந்து மாதமாகக் கேட்டிருக்க வேண்டியதை ஒரே வரியில் கேட்கிறேன்.

மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். முதல் பக்கத்தில் உன்னைத் திட்டியிருந்தேன், இரண்டாவதில் என்னை. மூன்றாவதில் யாரைத் திட்டினேன் என்று படித்துப் பார்த்தும் புரியவில்லை. நீ படுக்கையில் கிடந்தபோது நான் இங்கே இல்லாத புள்ளிகளைச் சொல்லி ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அது சமையலறையில் என்னோடுதான் நடமாடுகிறது, குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

தீஹொமிரிடம் உன் பதிலைப் படித்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவன் எப்பவும் இப்படித்தான், காலியா இருக்குறவனுக்குப் பந்தக் குடுத்துட்டுப் போயிடுவான்" என்றான். பிறகு முதல்முறையாக உட்கார்ந்து சூப் குடித்தான்.

விஷயம் பரவியதும் காபிக்கடையில் சொல்லத்தான் செய்தார்கள். நான் நின்று கேட்டேன், நடந்து வந்துவிட்டேன். அவ்வளவு பயங்கரமாக இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே அந்தப் பன்னிரண்டு பேரோடு சந்தோஷமாக இருக்கிறாயா? அதை நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

முழங்காலைச் சூடாக வைத்துக்கொள். ரஸ்த்கோவுக்குப் போன வாரம் ஒரு வயது முடிந்தது.

பில்யா


கவாலா,
22 மார்ச் 1998

அன்பு பில்யா,

மழை நாளில் வீங்குகிறது. படி ஏறுகிறேன், இறங்குவதுதான் கஷ்டம். மற்றபடி சுகம். நம் ஒரு வயதுக்காரன் சுகமா? அவன் நடப்பதை நீ எழுதியதிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நடித்துக் காட்டிவிட்டேன், என் காலுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில். இடைவேளைவரை நான்குதான் வித்தியாசம். பிறகு அவர்கள் வேகமாக ஓடத் தொடங்கினார்கள், பத்தானது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன், பதினாறானது. ஆட்டத்தை நிறுத்திப் பேசக் கேட்கும் டைம் அவுட் ஒன்றை மிச்சம் வைத்துக்கொண்டே ஆட்டம் முடிந்தது. எல்லோரும் அழுதார்கள், ஹரிக்லியாவைத் தவிர. அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ கேட்டதற்கு எப்படிப் பதில் சொல்வது? மறுநாள் காலையில் விழித்ததும் அடுத்த ஆட்டத்தில் அந்த வேகத்தை எப்படி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டமே கிடையாது, பருவம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் ஆடினேன், தோற்ற மறுநாள் ஒருமுறைகூட இப்படி விழித்ததில்லை. இது சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், குடும்பத்தோடு. இந்த முறை உன்னைக் கேட்காமல் பதில் சொல்ல மாட்டேன். ஜூன் முதல் வாரம் வருகிறேன்.

உன் வுலே


சாச்சக்,
5 ஏப்ரல் 1998

அன்புள்ள வுலே,

எல்லோரும் நலம், ஊசி போட்ட இடத்தில் உன் மகனுக்குக் கொஞ்சம் வீக்கம், அவ்வளவே. உனக்கு இறங்குவது கஷ்டம் என்றால் இரவல் கைத்தடி ஒன்று வாங்கிக்கொள், வெட்கப்படாதே.

அங்கே இருப்பதா இங்கே வருவதா என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஒரு நாள் அந்தக் கூரை ஒழுகும் அரங்கைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, மறுநாள் இந்த வீட்டைப் பூட்டுவதை நினைத்தால் சாவியைத் தொடவே பிடிக்கவில்லை. ஜூனில் வா, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவோம். கடிதத்தில் வேண்டாம். கடிதத்தில் நம் இருவருக்கும் பொய் நன்றாக வருகிறது.

ஊசி போடப் போன கதையைச் சொல்கிறேன். சுகாதார நிலையத்தில் புது நர்ஸ், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், ஐம்பது வயதிருக்கும். குழந்தையின் அட்டையைப் புரட்டிக்கொண்டே, "அப்பா தொழில் கூடைப்பந்து ஆட்டக்காரர்னு இருக்கு. அதேதானா?" என்றாள். பின்னால் ஏழு தாய்மார்கள், ஏழு அழுகை. சத்தமாகவே சொன்னேன்.

"இல்ல. பயிற்சியாளர். பொண்ணுங்க அணிக்கு, கிரேக்கத்துல."

அவள் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். எழுதியபடியே ஜெயித்தார்களா என்றாள். இறுதி ஆட்டத்தில் பத்தொன்பது புள்ளியில் தோற்றார்கள் என்றேன். பேனா நின்றது.

"பத்தொன்பதா? என்ன தடுப்பு ஆடினாங்க?"

அவள் பழைய நடு ஆட்டக்காரியாம். தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆளுக்கு இவ்வளவு இடம் என்று பிரித்துக் காப்பார்கள், உயரமான பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று நானாகச் சொன்னேன். வேகமாக ஓடுகிற அணியிடம் இடம் பிரித்து நிற்பது முட்டாள்தனம், ஆளோடு ஆள் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். பின்னால் நின்ற ஒருத்தி அதெல்லாம் இல்லை, சின்னப் பிள்ளைகள் ஒட்டி ஆடினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும் என்றாள். இன்னொருத்தி அவள் கணவன் சொன்னதாக ஏதோ சொன்னாள். நான் ரஸ்த்கோவைக் கால்சட்டை இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு, மருந்து மேசையில் பஞ்சுருண்டைகளை அடுக்கி, இடது மூலையை யாரும் பார்ப்பதில்லை, அங்கேதான் என் கணவர் ஆள் நிறுத்துகிறார் என்று காட்டினேன். மருத்துவர் உள்ளேயிருந்து வந்து என்ன சத்தம் என்றார், பிறகு அவரும் பஞ்சுருண்டையைப் பார்த்துவிட்டு ஒன்றை நகர்த்தி வைத்தார்.

உன் கடிதத்தில் இருந்த கணக்கையும் ஒப்பித்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றுக்கு மட்டும் முடியவில்லை. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "சரி, பத்து புள்ளி பின்னால போனப்பவே ஏன் டைம் அவுட் கேக்கல உன் புருஷன்?"

அடுத்த ஊசி மே ஐந்தாம் தேதி. அவள் விடமாட்டாள். அதற்குள் எழுது, ஏன் கேட்கவில்லை?

முத்தங்கள்.

உன் பில்யா